சாயம் போகும், உத்தரவாதம்

கைலி எடுக்கப் போகிறவர் கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்பே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "சாயம் போகுமா?" கடைக்காரர் விரலை ஈரப்படுத்தித் துணியின் ஓரத்தில் தேய்த்துக் காட்டுவார். விரலில் நிறம் ஒட்டவில்லை என்றால்தான் வியாபாரம் படியும். சாயம் போகிற துணி நம் ஊரில் மட்டமான துணி. ஒருவரின் 'சாயம் வெளுத்துவிட்டது' என்றால் அவருடைய குட்டு உடைந்துவிட்டது என்றே பொருள்.

அப்படிப்பட்ட ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு துணி, 1960களின் அமெரிக்காவில், 'சாயம் போகும், உத்தரவாதம்' என்ற வாசகத்தோடு விற்பனையானது. வாங்கியவர்கள் ஏமாளிகள் அல்ல. நியூ இங்கிலாந்துப் பகுதியின் பழம்பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளும், அவர்களைப்போல் தோன்ற விரும்பிய மற்றவர்களும் அதைக் காசு கொடுத்து விரும்பி வாங்கினார்கள். துவைக்கத் துவைக்கச் சிவப்பு மஞ்சளுக்குள் கசிந்து, நீலம் மங்கி, கட்டங்களின் ஓரம் கலங்கிப்போவதற்காகவே அந்த மெட்ராஸ் சட்டையை எடுத்தார்கள்.

அந்தப் பிள்ளைகளின் உடைப் பாணிக்கு ப்ரெப்பி என்று பெயர். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களைத் தயார் செய்து அனுப்பும் தனியார் விடுதிப் பள்ளிகளை அங்கே 'ப்ரெப் ஸ்கூல்' என்பார்கள். 1778இல் தொடங்கிய ஆண்டோவரும் 1781இல் தொடங்கிய எக்ஸிடரும் அவற்றில் பழையவை. 1970இல் வந்த எரிக் சீகலின் 'லவ் ஸ்டோரி' நாவலில் நாயகி நாயகனை இந்தச் சொல்லால் சீண்டிக்கொண்டே இருப்பாள். சொல் ஊர் முழுக்கப் பரவியதில் அந்த நாவலுக்கும் அதே ஆண்டு வந்த படத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன் இதே உடைக்கு 'ஐவி லீக்' பாணி என்றுதான் பெயர். இரண்டுக்கும் நுட்பமான வேறுபாடுகள் சொல்வார்கள். அலமாரியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே துணிமணிதான்.

இந்தப் பாணிக்கான பட்டியல் ஒன்றும் ரகசியமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு துணியில் காலர் நுனிக்குப் பொத்தான் வைத்த சட்டை, காக்கிப் பருத்திப் பேன்ட், கருநீல பிளேசர், ஷெட்லாண்ட் கம்பளி ஸ்வெட்டர், காலர் வைத்த டென்னிஸ் பனியன், லோஃபர், படகுக் காலணி, கோடைக்கு மெட்ராஸும் சீர்சக்கரும். ஒரே நாளில், ஒரே கடையில் இவ்வளவையும் வாங்கிவிட முடியும். வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் நாடகத்தில் பணக்காரன் வேடம் கட்டியவரைப்போல இருக்கும். என்ன குறைகிறது? இந்தப் பாணியின் வரலாற்றைப் படித்த அளவில் எனக்குப் படுவது, குறைவது பழசு. இந்த உடைகளில் ஏறக்குறைய எதையும் அந்த வர்க்கம் தானே கண்டுபிடிக்கவில்லை. விளையாட்டுக்காரர், சிப்பாய், மீனவர், நெசவாளர் என்று யார் யாரிடமிருந்தோ எடுத்து, அது தேய்ந்து கிழியும்வரை போட்டதுதான் அவர்களுடைய பங்களிப்பு.

சட்டையிலிருந்து தொடங்கலாம். புரூக்ஸ் பிரதர்ஸ் 1818இல் நியூயார்க்கில் தொடங்கிய கடை. அந்த நிறுவனம் சொல்லும் வரலாற்றின்படி, நிறுவனரின் பேரன் ஜான் புரூக்ஸ் 1896இல் இங்கிலாந்தில் ஒரு போலோ ஆட்டம் பார்த்தார். குதிரை ஓடும் வேகத்தில் காலர் முகத்தில் அடிக்காமலிருக்க ஆட்டக்காரர்கள் காலர் நுனிகளைப் பொத்தான் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஊர் திரும்பியவர் அதையே சட்டையாக்கினார். அந்தக் கடை இன்றைக்கும் அதை 'போலோ சட்டை' என்றுதான் அழைக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டு துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பாவில் மெல்லிய நூல்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடும். ஊடையில் சற்றுத் தடித்த ஒற்றை நூல் குறுக்கே போகும். கூடை முடைந்த மாதிரி இருக்கும். பாவு நீலம், ஊடை வெள்ளை. அதனால் தூரத்தில் வெளிர்நீலமாகத் தெரிகிற சட்டை, கிட்டப் போனால் நீலமும் வெள்ளையுமாகப் புள்ளி புள்ளியாகப் பிரியும். முரட்டுத் துணிதான், மினுமினுப்பு கிடையாது. புதிதில் மொடமொடவென்று இருக்கும். முப்பது நாற்பது துவைப்புக்குப் பிறகுதான் உடம்போடு ஒட்டிக் குழையத் தொடங்கும். ஸ்காட்லாந்தின் நெசவாலை ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், ஹார்வர்ட், யேல் என்று நான்கு துணிகளுக்குப் பல்கலைக்கழகங்களின் பெயரிட்டதாகவும், அவற்றில் ஒன்றுதான் நிலைத்ததாகவும் ஜவுளித் துறையில் ஒரு கதை உண்டு.

இந்தச் சட்டையின் உயிர் காலரில் இருக்கிறது. நாம் தைக்கும் சட்டைகளில் காலருக்குள் கேன்வாஸ் வைத்து, அட்டைபோல் விறைப்பாக்கி விடுகிறோம். பழைய அமெரிக்கச் சட்டையில் உள்ளே ஒன்றும் இருக்காது, இருந்தாலும் ஒட்டாத மெல்லிய துணி ஒன்றே இருக்கும். காலர் நுனியும் நீளம், மூன்றேகால் அங்குலத்துக்கு மேல். பொத்தான் வைத்திருக்கும் இடத்துக்கு அந்த நீளம் கொஞ்சம் அதிகம். மிஞ்சுகிற துணி எங்கே போகும்? வெளிப்பக்கமாக வளைந்து, கழுத்துக்கும் பொத்தானுக்கும் நடுவே மெத்தென்று ஒரு புடைப்பாக நிற்கும். இதற்கு 'ரோல்' என்று பெயர். ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவுமாக, காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் வேறு மாதிரியுமாக அது இருக்கும். இந்த ஒழுங்கின்மைக்காகவே கால் அங்குலக் கணக்குப் பார்த்துச் சண்டை போடும் ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இன்று பெரிய கடைகளில் 'பட்டன் டவுன்' என்று கிடைக்கும் பெரும்பாலான சட்டைகளில் பொத்தான் மட்டும் இருக்கிறது. காலர் குட்டை, உள்ளே பசை போட்டு ஒட்டிய கேன்வாஸ். பொத்தானைப் போட்டதும் இஸ்திரி போட்ட கைக்குட்டைபோல் தட்டையாகப் படுத்துவிடும். அலமாரியில் ஒன்றே ஒன்றுக்குத்தான் மெனக்கெட முடியும் என்றால் காலருக்கு மெனக்கெடுங்கள் என்பேன்.

மற்றவற்றின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளேசர் என்ற பெயர் கேம்பிரிட்ஜின் லேடி மார்கரெட் படகுக் குழுவினர் அணிந்த தழல் சிவப்புக் கோட்டிலிருந்து வந்தது. டென்னிஸ் பனியன் பிரெஞ்சு வீரர் ரெனே லகோஸ்த் தனக்காகச் செய்துகொண்டது. நீளக்கை வெள்ளைச் சட்டையில் ஆட வேண்டிய காலத்தில், பொடி பொடியாகக் காற்றுக்கண் விட்டுப் பின்னிய பருத்தியில் அரைக்கைப் பனியன் போட்டு 1926இல் அமெரிக்கப் போட்டியில் இறங்கினார். 1933இல் அதையே வியாபாரமாக்கினார். அவருடைய பட்டப்பெயரான முதலை நெஞ்சில் ஏறியது. லோஃபர் நார்வே நாட்டுப்புறத்தாரின் காலணி. மெய்ன் மாநிலத்தின் பாஸ் நிறுவனம் 1936இல் அதை அமெரிக்காவில் செய்தபோது, நார்வீஜியன் என்ற சொல்லின் தலையை வெட்டி 'வீஜன்' என்று பெயர் வைத்தது. படகுக் காலணியின் அடியில் இருக்கும் நெளிநெளிக் கீறல்களுக்கு ஒரு நாயே காரணம். பால் ஸ்பெரி என்பவர் தன் நாய் பனிக்கட்டியில் வழுக்காமல் ஓடுவதைப் பார்த்து, அதன் பாதத்தில் இருந்த கீறல்களை ரப்பரில் வெட்டிப் பார்த்தார். 1935இல் காலணி வந்தது. எல். எல். பீன் நிறுவனத்தின் கேன்வாஸ் பை 1944இல் ஐஸ் கட்டி சுமப்பதற்காக வந்தது. இன்று அதில் லேப்டாப் சுமக்கிறார்கள்.

காக்கிக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், அது நம் துணைக்கண்டத்துச் சரக்கு. காக் என்றால் பாரசீகத்தில் புழுதி. 1846இல் பெஷாவரில் வழிகாட்டிப் படை என்ற ஒன்றை ஹாரி லம்ஸ்டன் திரட்டியபோது, சிவப்புக் கோட்டு வெயிலுக்கும் ஆகாது, ஒளிந்துகொள்ளவும் ஆகாது என்று புழுதி நிறத்தில் சாயமேற்றிய உடையைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார். அந்த நிறம் பிரிட்டிஷ் ராணுவம் முழுக்கப் பரவி, அமெரிக்க ராணுவத்துக்கும் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு 1944இன் சட்டம் ஒன்று கல்லூரிச் செலவைக் கொடுத்தது. சுமார் 22 லட்சம் பேர் அந்தச் சட்டத்தால் கல்லூரிப் படியேறினார்கள். வரும்போது ராணுவத்தில் கொடுத்த காக்கிப் பேன்ட்டையே போட்டுக்கொண்டு வந்தார்கள், வேறு வாங்கப் பணமில்லை. விடுதிப் பள்ளியிலிருந்து வந்த செல்லப்பிள்ளை, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த போர்வீரனின் வெளுத்த பேன்ட்டைப் பார்த்து அதேபோல் ஒன்று தேடிப் போனான். நம் ஊரில் காக்கி என்றால் போலீஸ்காரர், ஆட்டோக்காரர், பள்ளிக்கூடத்து அரைநிஜார். சென்னையில் ஒருவர் இந்த அலமாரியைக் கட்ட நினைத்தால் முதலில் தாண்ட வேண்டியது இந்த ஞாபகத்தைத்தான். கொஞ்சம் வெளிறிய, கல் நிறத்துப் பேன்ட்டாக எடுத்தால் யாரும் "எங்க சார் டூட்டி?" என்று கேட்கமாட்டார்கள்.

இனி மெட்ராஸ். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலைஹு யேல், செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்தவர். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் 1680இல் அவருக்குத் திருமணம் நடந்தது. கம்பெனி வேலையை வைத்துக்கொண்டு சொந்த வியாபாரத்தில் கொழித்தார் என்ற குற்றச்சாட்டில் பதவி பறிபோனது. சென்னையிலிருந்து நடந்த அடிமை வணிகத்தோடு அவருக்கிருந்த தொடர்பைப் பற்றி இன்று அந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பேச்சு நடக்கிறது. லண்டன் திரும்பிய பிறகு, 1718இல், கனெக்டிகட்டில் தத்தளித்துக்கொண்டிருந்த சிறு கல்லூரி ஒன்றுக்கு 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று, ஒன்பது பொதிச் சரக்கு ஆகியவற்றை அனுப்பினார். பொதிகளில் துணியும் இருந்தது. சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். ப்ரெப்பி உடையின் கோயில்களில் ஒன்று என்று யேல் வளாகத்தைச் சொல்லலாம். அதன் பெயர்ப் பலகையில் சென்னைத் துறைமுகத்தின் காசு இருக்கிறது.

கட்டம் போட்ட துணியோ யேலுக்கும் முந்தியது. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்தது துணிக்காகத்தான். மலாய் நாட்டில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட சாரத்துக்கு இன்றும் 'காயின் பெலிகாட்' என்று பெயர், பழவேற்காடு என்பதன் சிதைவு அது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் சதுரக் கைக்குட்டைகளாக இந்தத் துணி போனது. மார்ட்டினிக்கிலும் குவாடலூப்பிலும் பெண்கள் தலைக்கட்டாகக் கட்டும் துணிக்குப் பெயரே 'மத்ராஸ்'. நைஜர் ஆற்று முகத்துவாரத்தின் கலபாரி மக்கள் இதை 'இஞ்சிரி' என்பார்கள். பிறப்பிலும் இறப்பிலும் அது இல்லாமல் சடங்கு இல்லை. அவர்கள் வாங்கிய துணியை அப்படியே உடுத்துவதோடு நிற்பதில்லை. பிளேடு முனையால் கட்டத்தின் சில இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுத்து, துணிக்குள் புதிதாக ஒரு கோலம் கொண்டுவருகிறார்கள். நம் நெசவாளர் போட்ட இழையை வேறொரு கண்டத்தில் ஒரு பெண் எடுக்கிறாள். உலகத்துக் கைவினைகளில் இதைப்போல் வியப்பூட்டும் கூட்டு முயற்சியை நான் அதிகம் கண்டதில்லை.

அமெரிக்கப் பணக்காரர்களுக்கு இந்தத் துணி புதிதல்ல. 1930களில் கரீபியனுக்கு உல்லாசப் பயணம் போனவர்கள் மெட்ராஸ் சட்டையோடு திரும்புவது உண்டு. 'இவன் குளிர்காலத்தைத் தீவில் கழித்தவன்' என்பதற்கு அது சாட்சி. 1958இல் நடந்தது வேறு. பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் அப்போது கைத்தறி ஏற்றுமதியில் இருந்தார். அவர் பலமுறை சொல்லிய கதை இது. நியூயார்க்கிலிருந்து வந்த இறக்குமதியாளர் ஒருவர் சாயம் கசியும் மெட்ராஸ் துணியில் மயங்கி ஆயிரக்கணக்கான கஜம் வாங்கினார். தனியாக, குளிர்ந்த தண்ணீரில், மெதுவாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் எச்சரித்தே கொடுத்தார். அந்தச் செய்தி சட்டை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் வாங்கிப் போனவர்கள் சலவை இயந்திரத்தில் போட, சாயம் ஓடி மற்ற துணியெல்லாம் நாசமாயிற்று. புகார்கள் குவிந்தன, வழக்கு என்ற பேச்சும் எழுந்தது. கடைசியில் 'செவன்டீன்' என்ற இளம்பெண்களுக்கான பத்திரிகையில் அந்தத் துணியைக் கொண்டாடி ஒரு கட்டுரை வந்தது. ஒவ்வொரு துவைப்பிலும் புதுச்சட்டை ஆகிற இந்தியக் கைத்தறி அதிசயம் என்ற ரீதியில். குற்றம் குணமானது. மெட்ராஸுக்கு முன்னால் 'பிளீடிங்', அதாவது ரத்தம் கசிகிற, என்ற அடைமொழி நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

நாயர் கதை சொல்வதில் வல்லவர், கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் கதை பலித்ததற்குக் காரணம் விளம்பரத் தந்திரம் மட்டும் இல்லை. வாங்கிய வர்க்கத்தின் மனம் ஏற்கெனவே அதற்குப் பதமாக இருந்தது. நான்டுக்கெட் தீவில் மரீஸ் டோகரி என்ற கடை செங்கல் சிவப்பில் ஒரு கேன்வாஸ் பேன்ட் விற்கிறது. துவைத்துத் துவைத்து அது சிப்பிச் சதைபோல் வெளிறிய இளஞ்சிவப்பாகும். கடையின் வாசகம் 'நிறம் மங்கும், உத்தரவாதம்'. புதுச்சிவப்புப் பேன்ட்டோடு திரிந்தால் இந்த வாரம் வந்த சுற்றுலாப் பயணி. வெளிறிய பேன்ட் என்றால் பத்துக் கோடைகாலமாகத் தீவில் வீடு இருக்கிறது என்று அர்த்தம். 1950களின் கல்லூரி வளாகங்களில் லோஃபரின் தையல் விட்டுப்போனால் வெள்ளைப் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். சட்டைக் காலர் நைந்து நூல் பிரிந்தது பெருமை. ட்வீட் கோட்டின் முழங்கையில் தோல் ஒட்டுப் போட்டது அதைவிடப் பெருமை. புதிது எவனும் வாங்கலாம். பழசு, இருந்தவனிடம் மட்டுமே இருக்கும். நம் ஊரில் அப்பாவின் பட்டு வேட்டி, தாத்தாவின் ரிஸ்ட் வாட்ச் என்று வீட்டுக்கு ஒன்றிரண்டை இப்படிப் பார்ப்பதுண்டு. அவர்கள் மொத்த அலமாரியையும் அப்படிப் பார்த்தார்கள். ஏழை அதே கிழிசலைப் போட்டால் கிழிசல்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கவனமின்மை என்பது வசதி உள்ளவர்களுக்கு மட்டும் வாய்த்த அலங்காரம்.

யாருக்காகத் தைக்கப்பட்டது என்ற கேள்வியோடு யார் தைத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். யேல் வளாகத்தை ஒட்டி 1902இல் ஜே. பிரெஸ் கடையைத் தொடங்கிய ஜேகபி பிரெஸ், லாட்வியாவிலிருந்து குடியேறிய யூதர். இடுப்பை இறுக்காத, முன்பக்கம் டார்ட் பிடிக்காத, தோளில் பஞ்சு திணிக்காத கோட்டை அந்தப் பிள்ளைகளின் சீருடையாகவே ஆக்கிய கடைகளில் அவருடையதும் ஒன்று. 1920களில் ஹார்வர்டும் யேலும் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வழி பார்த்துக்கொண்டிருந்தன. பின்னால் இந்தப் பாணியை உலகத்துக்கே விற்றவரின் கதையும் அப்படித்தான். நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்த ரால்ஃப் லிஃப்ஷிட்ஸ், பெலாரஸிலிருந்து வந்த யூதப் பெற்றோரின் மகன். லாரன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். புரூக்ஸ் பிரதர்ஸில் விற்பனையாளராக இருந்தார். 1967இல் கழுத்துப்பட்டியில் தொடங்கி, 1972இல் குதிரைக்காரன் சின்னம் போட்ட பனியனை 24 நிறங்களில் இறக்கினார். படிக்காத பள்ளியின் ஞாபகங்களைக் கட்டி எழுப்பினார், அந்தப் பள்ளியில் படித்தவர்களே வந்து வாங்கினார்கள்.

கறுப்பினத்தவர் கதை இன்னும் கூர்மையானது. 1958இல் வந்த 'மைல்ஸ்டோன்ஸ்' இசைத்தட்டின் அட்டையில் மைல்ஸ் டேவிஸ் பச்சை நிறச் சட்டையில் டிரம்பெட்டோடு உட்கார்ந்திருப்பார். காலர் நுனியில் பொத்தான். அந்த உடையில் அவரைவிட லாவகமாக யாரும் எந்த வளாகத்திலும் நடந்திருக்கமாட்டார்கள் என்று படத்தைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். சிவில் உரிமைப் போராட்டத்தில் ஊர்வலம் போன மாணவர்கள் பலர் இதே ஒல்லிக் கோட்டு, இதே சட்டை, இதே லோஃபரில் போனார்கள். நீங்கள் உள்ளே விடாத இடத்தின் உடை இது, எங்களுக்கும் பொருந்துகிறது பாருங்கள் என்ற சவால் அதில் இருந்தது. ஜேசன் ஜூல்ஸ் 2021இல் 'பிளாக் ஐவி' என்ற புத்தகமாக இந்த வரலாற்றைத் தொகுத்தார்.

ஜப்பானியர்கள் இதைப் பாடமாகவே படித்தார்கள். வேன் ஜாக்கெட் நிறுவனத்தின் கென்சுகே இஷிசு இளைஞர்களுக்கு ஐவி உடையைக் கற்றுக்கொடுத்தார். 1964 ஒலிம்பிக்குக்கு முன் டோக்கியோவின் கின்சா வீதியில் அந்த உடையில் சும்மா நின்ற பையன்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. பட்டன் டவுன் சட்டை போக்கிரித்தனத்தின் அடையாளமாம்! அடுத்த ஆண்டு, 1965இல், அமெரிக்க வளாகங்களில் எடுத்த புகைப்படங்களோடு 'டேக் ஐவி' என்ற ஜப்பானியப் புத்தகம் வந்தது. அமெரிக்காவில் வியட்நாம் போர் எதிர்ப்பும் நீள முடியும் ஜீன்ஸும் இந்த உடையை வளாகத்தை விட்டு விரட்டிய பிறகும் ஜப்பான் அதைப் பத்திரமாக வைத்திருந்தது. 1986இல் ஜே. பிரெஸ்ஸை ஜப்பானிய நிறுவனமே வாங்கிவிட்டது. 'டேக் ஐவி' 2010இல் ஆங்கிலத்தில் வந்தபோது, அமெரிக்க இளைஞர்கள் தங்கள் தாத்தா எப்படி உடுத்தினார் என்பதை ஜப்பானியப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஆகவே இந்த அலமாரியைக் கட்ட நினைக்கிறவர் 'நமக்கு இது பொருந்துமா, நாம் அந்த வர்க்கம் இல்லையே' என்று கூச வேண்டியதில்லை. இதைச் சிறப்பாகப் போட்டவர்களில் பாதிப்பேர் அந்த வர்க்கம் இல்லை. வாங்கும் வேகத்தில்தான் கவனம் வேண்டும். ஒருவர் முதல் வருடத்தில் மூன்று ஆக்ஸ்ஃபோர்டு சட்டை (இரண்டு வெளிர்நீலம், ஒன்று வெள்ளை), இரண்டு காக்கிப் பேன்ட், ஒரு பழுப்பு லோஃபர் என்று நிறுத்திக்கொண்டால் போதும். சட்டை தோளில் சரியாக உட்கார வேண்டும், இடுப்பில் கொஞ்சம் தொளதொளப்பு இருக்கலாம். உடம்பைக் கவ்விப் பிடிக்கும் 'ஸ்லிம் ஃபிட்'டில் காலர் ரோலுக்கும் மரியாதை இல்லை, மதியச் சாப்பாட்டுக்கும் இடமில்லை. பேன்ட் இடுப்புக்கு மேலே, தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். பிளேசர் வாங்கினால் தோளில் பஞ்சு இல்லாததாகப் பாருங்கள். உள்ளே முழு லைனிங் கொடுத்ததை நம் வெயிலில் போட்டால் வேர்த்துக் குளிக்க வேண்டியதுதான். கோடுபோட்ட டை வேண்டுமென்றால் ஒரு வேடிக்கை: பிரிட்டிஷ் படைப்பிரிவு டையின் கோடுகள் அணிபவரின் இடது தோளிலிருந்து வலப்பக்கம் இறங்கும். புரூக்ஸ் பிரதர்ஸ் அதைத் திருப்பிப் போட்டது, எந்தப் படையிலும் இல்லாதவன் கட்டினாலும் பொய் சொன்னதாக ஆகாது.

நிறத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு எனக்கு உண்டு. சத்தம் போடும் துணி ஒரு நேரத்தில் ஒன்று போதும். மெட்ராஸ் சட்டை போட்டால் பேன்ட் வெறும் காக்கி. கோல்ஃப் மைதானங்களில் மெட்ராஸ் துண்டுகளை ஒட்டுப்போட்ட பேன்ட்டுக்கு மேல் இளஞ்சிவப்புப் பனியன் போட்டுத் திரியும் பெரியவர்களை 1980இல் வந்த லிசா பிர்ன்பாக்கின் 'அபிஷியல் ப்ரெப்பி ஹேண்ட்புக்' செல்லமாகக் கேலி செய்தது. கேலியைப் புரிந்துகொள்ளாத ஆயிரக்கணக்கானோர் அதையே கையேடாக வைத்துக் கடைக்குப் போனார்கள். கேலிப் புத்தகம் வழிகாட்டி ஆனதில் ஒரு நியாயமும் இருக்கிறது: இந்தப் பாணியில் சிரிப்பும் கம்பீரமும் எப்போதும் ஒரே சட்டைப் பையில்தான் இருந்திருக்கின்றன.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. ஷெட்லாண்ட் ஸ்வெட்டரை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் விட்டுவிடலாம். சித்திரை மாதத்துச் சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு துணியும் சித்திரவதைதான். ஆனால் அந்த அலமாரியின் கோடைப் பகுதி முழுக்க நம் பக்கத்துத் தட்பவெப்பத்துக்குப் பிறந்தது. சீர்சக்கர் என்ற பெயரே பாரசீகத்தின் 'பாலும் சர்க்கரையும்' என்ற தொடரிலிருந்து வந்தது. வழவழப்பும் சுருக்கமும் மாறிமாறி வரும் வரிகள், சுருங்கிய இடம் உடம்பில் ஒட்டாது. மெட்ராஸ் மெல்லிய சாதா நெசவு, நூலிலேயே சாயமேற்றி நெய்வதால் உள்ளும் புறமும் ஒரே முகம். குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் லுங்கி நெய்யும் தறிகள் இதன் நெருங்கிய சொந்தக்காரர்கள். நல்ல கைலித் துணியில் சட்டை தைத்துக்கொள்வதில் ஒரு பிழையும் இல்லை, தையல்காரர் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார், அவ்வளவுதான். கட்டங்கள் பையிலும் பொத்தான் பட்டையிலும் பொருந்தி வரும்படி வெட்டச் சொல்லுங்கள். அதற்குக் கால் மீட்டர் கூடுதலாகப் பிடிக்கும்.

இப்போது 'மெட்ராஸ்' என்று விற்கிற துணியில் பெரும்பாலும் சாயம் போவதில்லை. விசைத்தறியில் நெய்து, கெட்டிச் சாயம் ஏற்றி, பிறகு பழைய தோற்றம் வருவதற்காகத் தனியாகச் சலவை செய்து அனுப்புகிறார்கள். பத்து வருடத்துக் கோடையை ஆலையிலேயே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். காலரை உப்புக்காகிதத்தில் தேய்த்து நைந்ததுபோல் ஆக்குவதற்கும் பேன்ட்டில் பெயின்ட் தெறித்ததுபோல் செய்வதற்கும் ஆள் இருக்கிறார்கள், கூலி இருக்கிறது. 2020இல் புரூக்ஸ் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது. அதன் சட்டைகளைத் தைத்துவந்த வட கரோலினாவின் கார்லண்ட் ஊர்த் தொழிற்சாலையும் அந்த ஆண்டோடு மூடப்பட்டது.

என்னிடம் ஒரு வெளிர்நீல ஆக்ஸ்ஃபோர்டு சட்டை இருக்கிறது. ஏற்றுமதி மிச்சம் விற்கும் ஒரு கடையில் பதினோரு வருடத்துக்கு முன் எடுத்தது. போன மாதம் காலரின் மடிப்பில் துணி பிரிந்து உள்ளிருந்த வெள்ளை இழைகள் மீசைபோல் எட்டிப் பார்த்தன. தெருமுனைத் தையல்காரரிடம் கொண்டுபோனேன். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான், காலரைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்தால் நைந்த பக்கம் உள்ளே போய்விடும். அவர் காலரை இரண்டு விரலால் பிசைந்து பார்த்தார்.

"இதுல கேன்வாஸே இல்லையே சார். திருப்பறதுதான் திருப்பறோம், நல்ல கேன்வாஸா வெச்சு விறைப்பா பண்ணிடட்டுமா?"

"வேண்டாம், இப்படியே இருக்கட்டும்."

"காலர் நிக்காது சார்."

"நிக்க வேண்டாம்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, பிளேடால் முதல் தையலை அறுத்தார்.